ஊறிய பலகை

என் மனைவிக்கு மழைக்காலம் பிடிக்காது. துணி காய்வதில்லை, வீடு முழுக்க ஈர வாடை என்று அலுத்துக்கொள்வாள். பருத்தி அப்படித்தான், குடித்த தண்ணீரை லேசில் விடாது என்று நான் சொல்வேன். சணலும் அப்படித்தான், வாழை நாரும் அப்படித்தான். செடியிலிருந்து வந்த எதுவும் தண்ணீரைக் கண்டால் குடிக்கத்தான் செய்யும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்வதில்லை.

நீங்கள் பேருந்துகளைப் பற்றி விசாரிக்க வந்தீர்கள். எங்கள் மில்லில் செய்த பேருந்துத் தரைப்பலகைகள் மழையில் உப்பிப்போனதும், பின்படிக்கட்டுப் பக்கம் ஒன்று உடைந்து ஒருவர் ஓடுகிற வண்டியிலிருந்து சாலையில் விழுந்ததும் எனக்கும் தெரியும். வருத்தமான விஷயம். வெட்டிய விளிம்புகளுக்குப் பூச்சு கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் கிளம்பியிருக்கலாம். ஆனால் கதவுவரை போய்த் திரும்பி, "உங்க லேப்ல இதை யாருமே சொல்லலையா சார்?" என்று கேட்டீர்கள்.

நேராகக் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒருத்தி சொன்னாள். உட்காருங்கள், சொல்கிறேன்.

அவள் என் மனைவியின் தங்கை. அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லாததால் அந்த இடத்தையும் அவளே நிரப்பினாள். வேதியியல் சொல்லிக்கொடுத்தது நான். மில்லின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான். வீட்டில் என்னை மாமா என்பாள், லேபில் சார் என்பாள். இரண்டையும் கலக்கமாட்டாள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வேலை என்னவென்றால், நூற்பில் மிஞ்சும் கழிவுப் பஞ்சையும் சணல் பிசிறையும் பிசினோடு சேர்த்துச் சூடாக அழுத்திப் பலகையாக்குவது. என் வயதின் நல்ல பகுதி முழுவதும் அந்த அழுத்த எந்திரத்தின் முன்னால் போனது. மில்லில் எனக்கு 'குப்பை டாக்டர்' என்று பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார், சிரித்துக்கொண்டே. நானும் சிரிப்பேன். பேருந்துக்கூடு கட்டும் நிறுவனம் ஒன்று எங்கள் பலகையைப் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று, அவர் முதல்முறையாக என்னை 'டாக்டர்' என்று மட்டும் கூப்பிட்டார். ஒரு சொல் உதிர்ந்ததில் மனிதனுக்கு முதுகு எப்படி நிமிர்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வருகிறவர்களுக்குக் காட்டவென்று சாயப்பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தேன். அங்கே வெளுப்புத் தொட்டிக்கு மேலே ஆட்கள் குறுக்கே போக ஒரு நடைபாலம் உண்டு. வெளுப்புக்குச் சேர்க்கும் காஸ்டிக் காரத்தின் ஆவியில் அதன் இரும்புத் தகடுகள் துருப்பிடித்து அரித்துக்கொண்டே இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு எங்கள் பலகைகளைப் போட்டேன். விளிம்புகளை மூடிப் பூச்சு கொடுத்து, நன்றாகத்தான் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் பலகைகளை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட ஆரம்பித்தாள். ஊறியவற்றை யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைப்பாள்.

"சார், நம்ம பலகை தண்ணி அடிக்குது" என்றாள் ஒருநாள். "அதுவும் மொடாக்குடி."

நான் சிரித்தேன். அவள் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல அது இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"அவங்க வர்றப்போ இதைச் சொல்லிடலாம் சார்."

"முதல்ல ஆர்டர் வரட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"ஒவ்வொரு விளிம்புக்கும் பூச்சுன்னா செலவு கூடும்னு முதலாளி ஒத்துக்கமாட்டாரு. இப்படியே போட்டு அனுப்பிடுவாங்க. பஸ்ல ஆளுங்க நிப்பாங்க மாமா."

லேபில் அவள் என்னை மாமா என்றது அன்று ஒருநாள்தான்.

"சொல்லிட்டா போச்சு. இந்தப் பலகையை இனிமே யாரும் தொடமாட்டாங்க" என்றேன்.

"கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதானே. நான் கூடவே இருக்கேன், சரி பண்ணிடலாம். நீங்க சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். "ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள். "மாமாவோட பலகைக்கு ஜலதோஷம்க்கா" என்றாள் அவள். மூவரும் சிரித்தோம். கோபத்தில் இருப்பவன் அப்படிச் சிரிக்கமாட்டான்.

விருந்தினர் வரும் நாள் காலையில் நடைபாலத்தின் மேல் பச்சைக் கம்பளம் விரித்திருந்தோம். சாயப்பிரிவு மேஸ்திரி இரு முனைகளிலும் மண்டியிட்டுத் தன் கையாலேயே சுருக்கம் நீவிவிட்டார். அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் அவள் பாலத்தில் நடந்தாள். நடுவில் ஒரு பலகை உடைந்தது. கீழே தொட்டி. துணியை வெளுக்கிற தண்ணீர் என்ன சூட்டில் இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடைந்த பலகையை வெளியே எடுத்தபோது அதன் ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் இருந்தது. சோதனைக்காகக் கெடுத்த பலகை, அவளே ஊறப்போட்டது, எப்படியோ நல்ல பலகைகளோடு கலந்துவிட்டது என்று விசாரணையில் முடிவானது. மற்றப் பலகைகளைப் பளு வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. பலகையில் குற்றமில்லை என்றாகிவிட்டது. மேஸ்திரிக்குத்தான் வேலை போனது. நல்ல மனிதர். வேறு இடத்தில் சேர்த்துவிட முயன்றேன், அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச மறுத்துவிட்டார். அதற்காக நான் அவரைத் தவறாக நினைக்கவில்லை. பேருந்து நிறுவனத்தார் துக்கம் விசாரித்துவிட்டு, சில வாரம் பொறுத்து வந்து ஆர்டர் கொடுத்தார்கள்.

என் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாளாங்க?" இல்லை என்றேன். ஒரு பெண்ணின் நிம்மதிக்காகச் சொன்னதைப் பொய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை, ஆட்கள் வருவதற்கு முன்பே நான் சாயப்பிரிவுக்குப் போயிருந்தேன். நடுவில் இருந்த நல்ல பலகையைக் கழற்றினேன். அவள் ஊறவைத்திருந்ததில் பெரியதாக ஒன்றை எடுத்துத் துடைத்து, அந்த இடத்தில் வைத்துத் திருகினேன். கம்பளம் விரிக்கலாம் என்பதும் என் யோசனைதான். ஊறிய பலகை ஓரங்களில் லேசாகப் புடைத்திருக்கும். அவள் கண்ணுக்கு அது தப்பாது.

பிறகு லேபுக்குப் போய் அவளிடம், "நீ சொன்னதுதான் சரி. இன்னைக்கு நானே அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும், நீங்க சொல்லிடுவீங்கன்னு" என்றாள். பாலத்தின் அந்தப் பக்கத்தில் விளிம்புப் பூச்சு எப்படி நிற்கிறது என்று காட்டுகிறேன், அதையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். நான் கீழ்வழியாகச் சுற்றிப்போய் எதிர்முனையில் ஏறி நின்றேன். அவளை யாரும் தள்ளவில்லை. யாரும் பயமுறுத்தவில்லை. சந்தோஷமாகத்தான் வந்தாள். பலருக்கு அது வாய்ப்பதில்லை.

கம்பளத்தின் மேல் கால் வைக்குமுன், "ஈரக் காலோட வரலாமா மாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா வா" என்றேன்.

தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்து வந்தாள். காலடியை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் பலகையின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.