வர்ஜில் கூபிக்கின் ஓட்டு

உங்கள் அறைக் காபி எங்கள் மாடிக் காபியைவிட நன்றாக இருக்கிறது. இத்தனை வருடம் இதே கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறேன், கீழ்த்தளத்தில் ஷெரீப் ஆட்கள் இதைக் குடிக்கிறார்கள் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் முன்பே ஏதாவது குற்றம் செய்திருப்பேன்.

பதிவுக் கருவியை ஓடவிடுங்கள். பெயர் ஆர்லோ டெட்மர். கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தர். வக்கீல் வேண்டாம், வந்தால் பேசாதே என்பார், நான் பேசத்தான் படியிறங்கி வந்திருக்கிறேன். நாளை மாலைக்குள் ஒரு காரியம் முடிய வேண்டும். ஆனாலும் எங்கள் வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது வெறும் கிறுக்குத்தனமாகத் தோன்றும்.

ஓட்டு எண்ணுவது என்றால் யாருக்கு எத்தனை என்று எண்ணுவது என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். அதை இயந்திரம் செய்துவிடும். எங்கள் வேலை ஒத்துப்பார்ப்பது. கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், பெட்டியில் விழுந்த சீட்டு எத்தனை, தப்பாகக் குத்தித் திருப்பிக் கொடுத்தது எத்தனை, தொடாமல் மிஞ்சியது எத்தனை. எல்லாம் சேர்ந்து அச்சகத்திலிருந்து வந்த மொத்தத்தோடு ஒத்து நிற்க வேண்டும். தபால் ஓட்டானால் வந்த உறைகள் ஒரு பக்கம், பிரித்தவையும் தள்ளியவையும் இன்னொரு பக்கம். ஒன்றே ஒன்று இடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு தடவை ஒரு சீட்டைக் காணாமல் இரண்டு கட்சி ஆட்களும் மேசைக்கடியில் தவழ்ந்தோம். கடைசியில் அது கேக் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேக் கொண்டுவந்தவன் நான்.

ஜூனில் நடந்தது பிரைமரி. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கிற தேர்தல். உண்மையான தேர்தல் நவம்பரில்தான் என்று சட்டத்தில் இருக்கும். இங்கே உள்ளூர்ப் பதவிகளுக்கு என் கட்சிக்கு எதிராக யாரும் நிற்பதே இல்லை என்பதால், ஜூனில் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். இந்த வருடம் கவுண்டியை, இந்த மாவட்டத்தை, நிர்வகிக்கிற வாரியத்தில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ரெக்ஸ் பாமன், மார்லிஸ் ஒடெகார்ட். கவுண்டியின் முதியோர் இல்லத்தை விற்றுவிட வேண்டும் என்பவர் ரெக்ஸ். விற்கக் கூடாது என்பவர் மார்லிஸ். வாரியத்தில் மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம். ஆகவே இந்த ஓர் இடம்தான் இல்லத்தின் தலையெழுத்து.

அந்த இல்லத்தில் என் மனைவி லவோன் இருக்கிறாள்.

அவளுக்கு என் பெயர் தெரியாது. நான் கணவன் என்பதும் தெரியாது. ஒருநாள் என்னைத் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவன் என்று நினைத்து மிகவும் மரியாதையாக நடத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் மதியத்தில் நான் கரண்டியை எடுத்தால் வாயைத் திறப்பாள். நர்ஸ்கள் எடுத்தால் திறக்கமாட்டாள். இல்லத்தை விற்று மூடிவிட்டால் அவளை மிசௌரி ஆற்றங்கரை வரை கொண்டுபோக வேண்டும், வேறெங்கும் இடமில்லை. எனக்குக் கண்ணில் புரை. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டவிடமாட்டார்கள். கரண்டியை யார் எடுப்பார்கள் என்பதுதான் என் கவலை. அரசியலில் எனக்கு வேறு கருத்து எதுவும் கிடையாது.

இனி வர்ஜில். வர்ஜில் கூபிக், என் பக்கத்துப் பண்ணை, என் நண்பன். அவன் மற்ற கட்சி. நவம்பரில் ஜனாதிபதி, கவர்னர் தேர்தல் வந்தால் இருவரும் வேலியருகே நின்று ஒரே சண்டை.

"டேய் ஆர்லோ, நீ ஒரு ஓட்டு போடுவ, நான் எதிர்ல ஒண்ணு போட்டு அதைத் தின்னுடுவேன். எதுக்கு ரெண்டு பேரும் பெட்ரோலை வீணாக்கணும்? மீன் பிடிக்கப் போலாம் வா."

"சரிடா. சத்தியமா?"

"சத்தியமா."

ஓட்டுச்சாவடியில் வரிசையில் நிற்பேன்; பார்த்தால் எனக்கு முன்னால் அவன் நிற்பான். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். எங்கள் நட்பே ஒருவரை ஒருவர் நம்பாமலிருப்பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வசந்தத்தில் வர்ஜில் என் கவுன்டருக்கு வந்து கட்சி மாற வேண்டும் என்றான். பிரைமரியில் ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பதிந்திருக்க வேண்டும், தெரியுமல்லவா. அவன் அப்பா காலத்திலிருந்து ஒரே கட்சி. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏன்டா?"

"ரெக்ஸுக்குக் குத்தத்தான். இல்லத்தை வித்தா நிலவரி குறையும். குறைஞ்ச காசுல புது டிராக்டர் வாங்கி உன் வாசல்லயே ஓட்டுவேன், பாத்துக்கோ."

"நெசமாவா சொல்றே?"

"பின்ன? உங்க கட்சிக்கு வந்தாச்சு, உங்கள மாதிரி கஞ்சனா இருக்க வேணாமா? இடுப்பு வலிக்குது, சீட்டைத் தபால்ல அனுப்பிடு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வர்ஜில் வேடிக்கையாகச் சொல்லும்போது ஒருபோதும் சிரிக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நிஜமாகச் சொல்லும்போதும் அவன் சிரிப்பதில்லை. தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவன் உறை ஒட்டித் திரும்பி வந்தது. வந்து சேர்ந்த முத்திரையை நான்தான் குத்தினேன்.

தேர்தலுக்கு முதல்நாள், திங்கட்கிழமை மதியம் லவோனுக்கு ஊட்டிவிட்டு, மிச்சமிருந்த கறியும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு வர்ஜில் வீட்டுக்குப் போனேன். அவன் தனியாள், மகள் ஜோலீன் ஊர் தள்ளி இருக்கிறாள். சமையலறைத் தரையில் கிடந்தான். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது. பேச முடியவில்லை.

டெலிபோன் சுவரில் இருந்தது. போய் எடுத்தேன். காதில் வைத்தேன். அப்போது ஒரு நினைவு வந்தது. கெட்ட நினைவு என்று சொல்லமாட்டேன். அது அலுவலக நினைவு. தபாலில் ஓட்டுப் போட்டவர் தேர்தல் நாளுக்கு முன்பே இறந்துவிட்டால் அவர் உறையைப் பிரிக்கக் கூடாது. தேர்தல் நாளன்று இறந்தால் ஓட்டு செல்லும். இது எங்கள் சட்டம், நானே பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம். பிழைக்காவிட்டாலும் ஒரு ராத்திரி இழுத்துவைப்பார்கள். செவ்வாய் விடிந்துவிடும்.

போனைத் திரும்ப மாட்டினேன்.

நான் அவனுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைக்குத் தலையணை வைத்தேன். மெத்தைப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். அடுப்பில் எரிந்துகொண்டிருந்ததை அணைத்தேன். தொட்டியில் கிடந்த தட்டுகளைக் கழுவினேன். பிறகு தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொன்னேன், வரிசையில் எனக்கு முன்னால் நின்று அவன் அகப்பட்டுக்கொண்ட கதைகளை. வெயில் ஜன்னலிலிருந்து அவன் காலுக்கு வந்து, கால்வழியாக ஏறி, சுவருக்குப் போயிற்று. அவசரப்படவில்லை, அவ்வளவுதான். மூச்சு நின்றதும் உடனே போன் செய்தேன். பொழுது சாயவில்லை, திங்கட்கிழமை இன்னும் நிறைய மிச்சமிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் என் தோளைத் தட்டி, "கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இருந்தீங்களே, அதுவே பெரிசு" என்றாள்.

மறுநாள் தபால் உறைகளை ஒத்துப்பார்த்தோம். என் மேலதிகாரி டெனிஸ் பட்டியலை வாசித்தாள், நான் உறைகளை எடுத்துக் கொடுத்தேன். வர்ஜிலின் உறை வந்ததும் நிறுத்தினேன்.

"டெனிஸ், இவன் நேத்து போயிட்டான்."

"ஐயோ ஆர்லோ, நீங்கதானே அவர் விழுந்து கிடந்ததப் பாத்தீங்க. நீங்க வெளிய போய் உக்காருங்க, இதை நான் பாத்துக்கறேன்."

"வேணாம். நானே வைக்கிறேன்."

தள்ளிய உறைகளோடு வைத்தேன். டெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைத் திருத்தினாள். அன்று எங்கள் கணக்கு முதல் தடவையிலேயே நேராக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வியாழக்கிழமை வர்ஜிலின் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கனமாக இருந்தான். "செத்தும் என் முதுகை ஒடிக்கிறான்" என்று சொன்னேன். ஜோலீன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நேற்றுக் காலை வாரியம் கூடி முடிவுகளைச் சரிபார்த்தது. ரெக்ஸுக்கும் மார்லிஸுக்கும் சம ஓட்டு. மறுபடி கூட்டிப் பார்த்தார்கள், சமம்தான். இப்படி வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்பது சட்டம். இரண்டு பெயரையும் ஒரே அளவுத் துண்டுகளில் எழுதியவன் நான். ஒரு காலி மிட்டாய் டப்பாவில் போட்டார்கள். ரெக்ஸின் பெயர் வந்தது.

எனக்குப் பெரிய வருத்தமில்லை, முதலில். வர்ஜில் ஓட்டு எண்ணப்பட்டிருந்தால் ரெக்ஸ் குலுக்கலே இல்லாமல் ஜெயித்திருப்பான். நான் லவோனுக்குப் பாதி வாய்ப்பாவது வாங்கிக்கொடுத்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மத்தியானம் ஜோலீன் கவுன்டருக்கு வந்தாள், அப்பாவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்க.

"சமமாப் போச்சாமே மாமா. அப்பா ஓட்டு இருந்திருந்தா மார்லிஸ் ஜெயிச்சிருப்பாங்க இல்ல?"

"ரெக்ஸ்னு சொல்லும்மா."

"யாரு, ரெக்ஸா? அவர் ஓட்டுப் போட்ட அன்னிக்கு நான்தானே வந்து பக்கத்துல உக்காந்திருந்தேன். மார்லிஸுக்குத்தான் குத்தினாரு. அதுக்குத்தானே கட்சியே மாறினாரு. லவோன் அத்தைய எங்கயோ கொண்டுபோயிடுவாங்கன்னு அவருக்கு ஒரே கவலை. ‘ஆர்லோகிட்ட மூச்சு விடாதே, தேங்க்ஸ் சொல்லிச் சொல்லியே உயிரை எடுத்துடுவான்’னாரு."

அவளுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்து அனுப்பினேன். பிறகு டெனிஸிடம் போய், தேர்தலுக்கு முதல்நாள் ஒருவரை யாராவது வேண்டுமென்றே சாகவிட்டிருந்தால் அவர் ஓட்டு செல்லுமா என்று கேட்டேன். டெனிஸ் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "சட்டத்துல அப்படியெல்லாம் பிரிச்சு ஒண்ணும் இல்ல ஆர்லோ. வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றாள்.

இரவெல்லாம் யோசித்தேன். இன்று லவோனுக்கு ஊட்டும்போதும் யோசித்தேன். இப்போதுதான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

முன்னால் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. வர்ஜிலால் பேச முடியவில்லை என்றேன். அது சரியல்ல. வாய் கோணியிருந்ததால் மெதுவாக வந்தது, அவ்வளவுதான். "ஆர்லோ, போன் பண்ணுடா" என்றான். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மறுபடி சொன்னான். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மேசைக்காலைப் பிடித்துப் போன் இருந்த சுவர்ப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். அப்போதுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆறுதலுக்குப் பிடித்திருந்தேன் என்று ஆம்புலன்ஸ் பெண்ணிடம் சொன்னேன். அவன் நகராமலிருக்கப் பிடித்திருந்தேன். கடைசியில் "லவோன்" என்றான். அவளைச் சொல்லி என்னிடம் கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். கதையைத் தொடர்ந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வர்ஜில் கூபிக் தானாகச் சாகவில்லை. நான் கொன்றேன். அதற்கு என்ன பெயர் உண்டோ அதைப் போடுங்கள், எவ்வளவு பெரிய பெயரானாலும் சரி, நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்றைக்கே மாடிக்கு எழுதி அனுப்புங்கள். முடிவை எதிர்த்துக் கேட்க நாளை மாலை வரைதான் நேரம். அவன் உறை இன்னும் ஒட்டியபடியே பெட்டகத்தில் இருக்கிறது. இயற்கையாக இறந்தவனின் ஓட்டைத் தள்ளுவது சட்டம். பறிகொடுத்தவனுக்கு அவன் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் சட்டம்தானே. ஒரு நீதிபதி சொன்னால் டெனிஸ் பிரித்துவிடுவாள். மார்லிஸுக்கு ஒன்று கூடும், கணக்கு நேராகிவிடும்.

லவோனுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். வர்ஜிலுக்காகத்தான் கேட்கிறேன். அவனுக்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?