எட்டுப் பேருக்கும் ஒரே பயிற்சி

எங்கள் வீட்டு சோபா உட்கார்வதற்கு நல்லது. படுப்பதற்கு அவ்வளவு நல்லதன்று. கொஞ்ச நாளாக அதில்தான் படுக்கிறேன். இதைப் புகாராகச் சொல்லவில்லை, விவரமாகச் சொல்கிறேன். நீதியின்பால் நெஞ்சம் சாய்ந்த வாசகப் பெருமக்களே, இந்தக் கூடத்துக்குள் வாருங்கள்; வந்து மேசைமேல் ஒளிரும் அந்தத் திரையைப் பாருங்கள். உலகத்தின் கண்ணெதிரே ஓர் அநீதி நடக்கிறது. அதைத் தட்டிக்கேட்ட மனிதனைத்தான் குற்றவாளி என்கிறார்கள். குற்றத்தை நான் மறுக்கப்போவதில்லை. செய்தேன், நிதானமாக, முழு அறிவோடு செய்தேன். எதற்காகச் செய்தேன் என்பதைக் கேளுங்கள்; கேட்டபின் மனம் வந்தால் தூற்றுங்கள்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிறவன். மாலையில் மேடையேறிச் சமத்துவம் பேசுகிறவன். என் மனைவி திரைச்சீலை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். அவள் கத்தரி ஓடிய தடம் கோடு கிழித்ததுபோல இருக்கும். அவளுடைய தம்பி பேருந்து ஓட்டுகிறவன். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான், சாப்பிட்ட வாயைக் கழுவுமுன் என்னைக் கிண்டல் செய்வான். எங்கள் மூவரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தது ஒரு விளையாட்டு.

இணையத்தில் ஆடுகிற மிதிவண்டிப் பந்தயம் அது. நாம் ஒரு மிதியும் மிதிக்க வேண்டியதில்லை. நாம் அணியின் மேலாளர். நம்மிடம் எட்டு வீரர்கள். யாருக்கு என்ன பயிற்சி, யார் மலையேறுவது, யார் கடைசி நேர்ச்சாலையில் பாய்வது, யார் முன்னால் போவது, யார் பின்னால் பதுங்குவது என்று உத்தரவிடுவது மட்டுமே நம் வேலை. பந்தய நாளில் எல்லா அணிகளும் வண்ணப் புள்ளிகளாகத் திரையில் ஊர்ந்து மலையேறும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதா’னுக்குள் எவ்வளவு கொடுமை அடங்கியிருக்கிறது என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன்.

மிதிவண்டிப் பந்தயத்தில் காற்றுதான் எதிரி. முன்னால் போகிறவன் நெஞ்சால் காற்றைக் கிழிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறவன் நோகாமல் வருகிறான். ஆகவே ஒவ்வோர் அணியிலும் ஏழு பேர் மாறிமாறிக் காற்றைத் தாங்குகிறார்கள். எட்டாமவன் அவர்கள் நிழலிலேயே வந்து, முடிவுக்கோடு தெரிந்ததும் விலகிப் பாய்ந்து மாலையை வாங்கிக்கொள்கிறான். ஏழு முதுகு வளைய ஒரு கழுத்துக்கு மாலை. இதற்குப் பெயர் உத்தியாம். பழைய மேலாளர்கள் புதியவர்களுக்கு இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஒருவனைத் தலைவனாக்கு, அவனுக்கு மட்டும் பயிற்சியைக் கொட்டு, மற்ற ஏழு பேரையும் அவனுக்கு எடுபிடியாக்கு. அன்று என் தேநீர் ஆறிப்போனது, நான் ஆறவில்லை.

அந்த வாரமே, விளையாட்டின் பேச்சரங்கத்தில், புதியவர்களுக்காக ஒரு கையேடு எழுதினேன். மூன்றே கொள்கைகள். எட்டுப் பேருக்கும் ஒரே பயிற்சி கொடு. எட்டுப் பேரையும் முறைவைத்து முன்னால் அனுப்பு. எவனாவது ஒருவன் மற்றவர்களை மிஞ்சி வளர்ந்தால், அவன் எஜமானன் ஆவதற்குமுன் அணியிலிருந்து விடுவித்துவிடு. எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது. படித்தவர்களுக்கும் புல்லரித்தது. ‘சமமிதிக் கழகம்’ என்று பெயர் வைத்தேன். புதிதாக அணி தொடங்கியவர்களெல்லாம் ஆற்றுவெள்ளம்போல வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், பேரன் பேத்தி எடுத்த தபால்காரர் ஒருவர் என எத்தனையோ பேர் எனக்குத் தலைவர் பட்டம் சூட்டினார்கள். தலைவனே கூடாது என்று எழுதியவனுக்கு அந்தப் பட்டம் பொருந்தாதுதான். அன்பாகத் தந்ததை எப்படி மறுப்பது?

மைத்துனன் மட்டும் சேரவில்லை.

“மாமா, உங்க கொள்கைப்படி பார்த்தா என் பஸ்ல நாப்பது ஸ்டியரிங் வெக்கணும். ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கலாம்.”

“நீ ஓட்டுற லட்சணத்துக்கு அதுதான் பாதுகாப்பு, மச்சான்.”

“சிரிக்காம சொல்லுங்க. உங்க கழகத்துல ஒருத்தராவது இதுவரைக்கும் ஜெயிச்சிருக்காங்களா?”

ஜெயிக்கவில்லை. நான் முட்டாள் அல்லன். சில பந்தயங்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் எல்லாவற்றையும் சமமாகப் பழக்கினால் எட்டுப் பேரும் எல்லாவற்றிலும் சுமாராக இருப்பார்கள். மலையில் மலையேறிகளிடம் தோற்பார்கள், சமவெளியில் பாய்ச்சல்காரர்களிடம் தோற்பார்கள். ஆனால் அந்தத் தோல்வியில் எத்தனை ஒற்றுமை, வாசகர்களே. கழகத்து அணிகள் அனைத்தும் பட்டியலின் அடியில், தோளோடு தோள் நின்றன. ஒருவரும் ஒருவரைவிட உயர்ந்தவரில்லை. என் வாழ்நாளில் அப்படியொரு சமத்துவத்தை நான் மேடையில்கூடக் கண்டதில்லை.

இனி, பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருவத்தின் முடிவில் பெரிய மலைப் பந்தயம் ஒன்று உண்டு. அதில் வெல்லும் மேலாளரை விளையாட்டை நடத்துகிறவர்கள் நிஜமான மலைப் பந்தயம் ஒன்றுக்கு அழைத்துப்போய், வீரர்களுக்குப் பின்னால் செல்லும் அணிக்காரில் உட்காரவைப்பார்கள். ஒரே ஓர் இருக்கை. அதை என் மனைவி விரும்பினாள். அவள் வெட்டுகிற துணிகளில் பாதி மலைக்காட்சி அச்சடித்தவை.

“மலையை வெட்டி வெட்டி அடுத்தவங்க ஜன்னல்ல மாட்டியாச்சு. ஒரு தடவையாவது வெட்டாத மலை ஒண்ணைப் பார்க்கணுங்க,” என்றாள்.

அதற்காகவே அணி தொடங்கினாள். எவரும் எடுக்காமல் கிடந்த ஒல்லிப் பையன் ஒருவனைத் தேடிப் பிடித்தாள். அவனுக்கு ‘நெட்டைக்கொக்கு’ என்று பட்டப்பெயர் வைத்தாள். முதலில் வளர்த்தவர் வைக்கும் பெயர் கடைசிவரை மாறாது என்பது விளையாட்டின் விதி. அவனுக்கு மலையை மட்டும் பழக்கினாள். சமையலறையில் கரண்டியைப் பிடித்தபடி திரையை எட்டிப்பார்த்து, “இன்னைக்குக் கொக்குக்குக் காலு வலிக்குதாம், ஓய்வு குடுத்துட்டேன்,” என்பாள். கொக்கு வளர்ந்தான். மலைச் சரிவில் அவன் ஏறினால் மற்ற புள்ளிகளெல்லாம் ஒட்டவைத்தவைபோல நின்றுவிடும். புதியவர்களில் அப்படியொரு வீரனை வேறு எவரும் உருவாக்கவில்லை.

நான் கையேட்டை எடுத்துக்கொண்டு அவள் அருகில் உட்கார்ந்தேன்.

“நீங்க கடையில ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் போடுறீங்களா?” என்று கேட்டாள்.

“அது கண்ணு.”

“இது காலு. அதுக்கதுக்கு ஒரு அளவு இருக்காதா?”

இப்படிக் குறுக்குக்கேள்வி வந்தால் மேடையில் நான் தண்ணீர் குடிப்பேன். அன்றும் ஒரு தம்ளர் குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: ஊரெல்லாம் எஜமானர்களை விடுவிக்கும்போது தலைவர் வீட்டிலேயே ஒருவன் வளர்ந்தால் கழகம் என்ன சொல்லும், அந்தத் தபால்காரர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், நீயே இப்படிச் செய்தால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு. அவள் என்னை நம்புகிறவள். அதுவே அவளிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

“இதுல உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா?” என்றாள்.

“எனக்கில்ல. மனசாட்சிக்கு.”

கொக்கை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாள். பிறகு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். அவள் திரும்பி வருவதற்குள் அவனை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். “நல்ல இடமாத்தான் கெடச்சிருக்கும், கவலைப்படாதே,” என்று தேற்றினேன். அது உண்மை.

இந்த இடத்தில் என் அணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வீரர் பட்டியலையும் பயிற்சி விவரங்களையும் எவரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்திருந்தேன். தம்பட்டம் அடித்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. கழகத்தார் விடுவித்த வீரர்கள் வீதியில் நின்றார்கள். அவர்களுக்குப் புகலிடம் வேண்டாமா? பல் மருத்துவர் விடுவித்த சமவெளிச் சூரன், ஆசிரியை விடுவித்த இரும்புத்தொடையன் என்று வந்தவர்களையெல்லாம் நான் அரவணைத்தேன். அவர்கள் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள்; அவரவர் வழியில் வளரவிடுவதே மனிதநேயம் என்று பட்டது. ஏழு பேர் ஒருவனைக் காத்து நின்றார்கள் என்றால், அவன் இளையவன், ஒல்லியானவன், காற்றுக்குத் தாங்கமாட்டான் என்பதால்தான்.

மலைப் பந்தயம் வந்தது. அதற்கு முந்தைய நாள் நான் கழகத்துக்கு விடுத்த அறைகூவலை என் பேச்சுகளிலேயே சிறந்ததென்று இன்றும் கருதுகிறேன். ‘நாளை பின்னால் பதுங்காதீர்கள். எல்லா அணியும் எட்டுப் பேரோடும் முன்னணியில் செல்லட்டும். பந்தயமாக அன்றி ஊர்வலமாகச் செல்லுங்கள். உலகம் நம் முகத்தைப் பார்க்கட்டும்’ என்றேன்.

ஆகா, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன். பந்தயம் தொடங்கியதும் கழகத்துப் புள்ளிகள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் திரையின் முகப்பில் பொங்கி வழிந்தன. பழைய பெரிய அணிகள் திகைத்தன. கழகத்தை முந்தப் பார்த்துத் தாமும் காற்றில் இறங்கி, ஒவ்வொன்றாகக் கழன்றன. என் மனைவியின் நீல அணி எல்லோருக்கும் முன்னால், காற்றை முழுதாக வாங்கிக்கொண்டு போயிற்று. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த அளவுநாடாவை முறுக்கிக்கொண்டே சிரித்தாள். “டேய், பாருடா, நம்ம ஆளுங்கதான் முதல்ல,” என்று தம்பியை உலுக்கினாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அத்தனை மகிழ்ச்சி ஒன்றாக இருந்ததே இல்லை.

மைத்துனன்தான் திரையை உற்றுப்பார்த்தான். பேருந்து ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வருவதைப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு.

“மாமா, ஊரே முன்னாடி நின்னு காத்து வாங்குது. உங்க ஆளுங்க மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி பின்னாடியே வர்றாங்களே?”

“தன்னடக்கம், மச்சான்.”

“இவ்வளவு அடக்கமா? மூச்சுகூட வாங்கல.”

உச்சி நெருங்கியது. கழகத்து அணிகள் களைத்து, அறுந்த மாலையிலிருந்து மணி உதிர்வதுபோல உதிர்ந்தன. கடைசியில் நீலமும் உதிர்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி, உதறிக்கொண்டு எழுந்து மலையை மடமடவென்று ஏறியது. அதன் அழகைக் கண்டு என் மனைவியே கைதட்டினாள். கோட்டைத் தாண்டியதும் திரை முழுவதும் வெற்றியாளன் பெயர் விரிந்தது: நெட்டைக்கொக்கு.

தட்டிய கை நின்றது.

“அது என் கொக்கு.”

“ஆமா. எவ்வளவு நல்லா வளர்த்திருக்கே, பாரு.” இதை நான் மனமாரச் சொன்னேன், அவள் பெருமைப்படுவாள் என்றே எதிர்பார்த்தேன்.

“உங்க டீம்ல எப்படி வந்தான்?”

“வேற யார் கையிலயாவது சிக்கிடக் கூடாதேன்னு எடுத்தேன்.”

“எப்ப?”

“நீ பாத்திரம் கழுவப் போனப்போ.”

மைத்துனனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்காளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, தன் சட்டைப் பொத்தானை ஆராயத் தொடங்கினான்.

“சரி,” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “எடுத்தது எடுத்துட்டீங்க. அந்த சீட்டை எனக்குக் குடுத்துடுங்க.”

“மாமா, குடுத்துடுங்க,” என்றான் தம்பி. “கேக்குறது உங்க பொண்டாட்டி.”

அங்கேதான் என் கொள்கை தீக்குளித்து மீண்டு வந்தது. யோசித்துப் பாருங்கள். அன்று தோற்றவள் அவள் ஒருத்தியா? ஆசிரியை தோற்றார், தபால்காரர் தோற்றார், கழகமே தோற்றது. அத்தனை பேரும் ஒரே காற்றைத் தாங்கியவர்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும், என் மனைவி என்பதற்காக, காரில் ஏற்றினால் அதைவிடப் பெரிய பாரபட்சம் உண்டா? தோற்றவர்களில் எவருக்கும் தராமல் இருப்பது ஒன்றே அத்தனை பேருக்கும் செய்யும் சம நீதி. ஆகவே இருக்கையை நானே வைத்துக்கொண்டேன். இதை அவளிடம் பொறுமையாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். என் தலையணையை எடுத்துவந்து கூடத்தில் வைத்தாள். விளையாட்டிலிருந்து தன் அணியைக் கலைத்துவிட்டாள். மறுநாள் பட்டறைக்குப் போய், மறுபடியும் மலைகளை வெட்டினாள்.

ஆம், நான்தான் செய்தேன். கையேடு எழுதியது நான், அவர்கள் வீரர்களை எடுத்தது நான், ஊர்வலத்தின் பின்னால் வந்தது நான், நாளை அந்தக் காரில் உட்காரப் போகிறவனும் நான். இதில் எந்த இடத்தில் நான் தவறினேன் என்று எத்தனை முறை புரட்டிப் பார்த்தும் எனக்குப் புலப்படவில்லை. கழகத்தார் இப்போது பேச்சரங்கத்தில் என் பெயரைக் கேட்டாலே கொதிக்கிறார்கள். தலைவனை நம்பிப் பழகியதன் விளைவு அது.

வாசகர்களே, பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் குற்றம். அடுத்த பருவம் தொடங்கப்போகிறது. இன்றே எழுந்து வாருங்கள். ஆளுக்கோர் அணி தொடங்குங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பயிற்சி கொடுங்கள். பழைய அணிகளின் ஏளனத்துக்கு அஞ்சாதீர்கள். உங்களில் எவரிடமாவது மற்றவர்களை மிஞ்சிப் பாயும் சமவெளி வீரன் ஒருவன் முளைத்தால் தயங்காமல் விடுவித்துவிடுங்கள். விடுவிக்கும் நேரத்தை மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்.