மேனேஜர் சாருக்கு ஒரு இடம்

இல்ல இல்ல, கதவை அப்படி இழுக்காதீங்க அண்ணே, கீல் கழண்டு கையோட வந்துடும். லேசா தூக்கிட்டுத் தள்ளுங்க. ஆங், அவ்வளவுதான். தலை குனிஞ்சு வாங்க. கொஞ்சம் அங்கயே நில்லுங்க, நான் போய் அவர் பக்கத்துல நின்னுக்கறேன். அவருன்னு யாரைச் சொல்றேன்னு பாக்கறீங்களா? இந்தக் குதிரையத்தான். பேரு மேனேஜர். சிரிக்காதீங்க, நெசமாவே பேரு அதுதான். சார், உங்களப் பாக்க ஆள் வந்திருக்காங்க சார்.

என் தம்பி வச்ச பேரு. அவன் ஒரு பார்சல் ஆபீஸ்ல மூட்டை ஏத்திட்டிருந்தான். அங்க இருந்த மேனேஜர் இவனைப் போட்டு வாட்டி எடுத்துட்டாரு. ஒரு நாள் வேலைய உதறிட்டு, கையில இருந்ததெல்லாம் கொட்டி, இந்தக் குதிரையும் ஒரு வண்டியுமா வந்து நிக்கறான். அக்கா, இத்தன நாளா மேனேஜர் என்னை வேலை வாங்கினாரு, இனிமே மேனேஜர நான் வேலை வாங்கப் போறேன்னான். நாங்க எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டோம். ஆனா ஏரிக்கரைப் பார்க்குல பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஒரு சுத்து வருவான் பாருங்க, முகத்துல அப்படி ஒரு களை. அவன் சட்டை காலர் கிழிஞ்சு தொங்கும். இவருக்கு மட்டும் முதுகுல போட புதுத் துணி. வேலை வாங்கினது யாரு, வேலை செஞ்சது யாருன்னு எனக்கு அப்பவே சந்தேகம்தான்.

ஆமாவா? சரி, ஒரு ஆமாவாவது வந்துச்சே. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயமா அண்ணே உங்களுக்கு? கோச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். உங்க வீட்டம்மா போன்லயே சொல்லிட்டாங்க, அவரு தங்கமான மனுஷன், பேச்சு மட்டும் எதிர்பாக்காதீங்கன்னு. செடி நர்சரில நாள் பூரா செடிங்களோட இருக்கறவருக்கு யாருகிட்ட பேச்சு? எனக்கு நேர் எதிர். குடிதண்ணி ஆபீஸ்ல புகார் கேக்கற போன்ல உக்காந்திருக்கேன். காலைல போய் காதுல மாட்டினா சாயங்காலம் வரைக்கும் பேச்சுதான். லைன்ல இருங்க, பாக்கறேன், ஆள் அனுப்பறேன், கோவப்படாதீங்கம்மா. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது.

கிட்ட வந்து பாருங்க. கைய மொதல்ல மோந்து பாக்கக் குடுங்க, அப்புறம் கழுத்தத் தொடுங்க. சார், செடிக்கார அண்ணன் சார், நல்லவரு. பாத்தீங்களா, ஒண்ணும் செய்யல. இப்பக் கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு. விலா எலும்ப எண்ண முடியாது. நான் இந்தக் கொட்டகையத் தொறந்த அன்னிக்கு எலும்பும் தோலுமா நின்னாரு.

இவரப் பாக்க நீங்க மட்டுமா வந்தீங்க? ஒரு பணக்கார வீட்டுக்காரரு, பொண்ணு பிறந்த நாளுக்குப் பரிசா குடுக்கணும்னாரு. அந்தப் பொண்ணு கார விட்டே இறங்கல, நாத்தமடிக்குதுன்னு மூக்கப் பொத்திக்கிச்சு. ஒரு போட்டோக்காரரு, வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஏதாவது பூசினா படத்துல எடுப்பா இருக்குமான்னு கேட்டாரு. உங்க மேல பூசிப் பாருங்க மொதல்லன்னுட்டேன். இன்னொருத்தரு வந்தாரு, சிரிச்ச முகம், வாய் நெறையத் தங்கச்சி தங்கச்சின்னாரு. ஆனா அந்த ஆளு இவரு முகத்தப் பாக்கவே இல்ல. தொடையையும் புட்டத்தையும் தட்டித் தட்டிப் பாத்தாரு. எத்தன கிலோ தேறும்னு மனசுக்குள்ள கணக்கு ஓடுது, எனக்குத் தெரியாதா? எங்க பெரியக்கா வீட்டுக்காரரு அனுப்பி வச்ச ஆளு அது. மாமாகிட்ட நான் பேசறதில்ல இப்ப. தம்பி வாடகைக்கு இருந்த வீடு இது, ஓனருக்கு இந்த வாரக் கடைசில எடத்தக் காலி பண்ணிக் குடுக்கணும். அதுக்குள்ள நான் ஆள் பாக்கலன்னா அந்தச் சிரிச்ச முகத்துக்காரர் லாரியோட வந்துடுவாரு. நான் குடியிருக்கறது ரெண்டாவது மாடி. துணி காயப் போடவே அங்க சண்டை. இவர எங்க கொண்டு போய்க் கட்டுவேன், சொல்லுங்க?

தம்பியா? அவன் போயிட்டாண்ணே. ஒரு நாள் காலைல எழுந்திரிக்கல. இதயம்னு சொன்னாங்க.

பார்க்குல புதுசாக் கல்லு பதிச்சாங்கல்ல, அதுலேர்ந்து ஆரம்பிச்சது. குதிரை வண்டி உள்ள வரக்கூடாதுன்னு கேட்ல போர்டு மாட்டிட்டாங்க. வேற எடத்துக்குப் போயிருக்கலாம். போகல. கட்டில்ல சுவத்தப் பாத்துப் படுத்தான். அப்படியே படுத்துட்டான். குடிக்கல அண்ணே. குடிச்சிருந்தாக் கூட எங்களுக்குப் புரிஞ்சிருக்கும், திட்டறதுக்கு ஒரு பேராவது கிடைச்சிருக்கும். சும்மா படுத்திருந்தான். நான் லீவு நாள்ல வருவேன், சமைச்சு வைப்பேன், பெருக்குவேன், நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன். மேனேஜர் எப்படி இருக்காருடான்னா, நல்லாருக்காரு அக்கான்னுவான். அவ்வளவுதான் பதில். ஊரு பூரா எங்கிட்ட குறை சொல்லுது, கொழாய்ல தண்ணி வரல, கலங்கலா வருது, நாத்தமடிக்குதுன்னு. கூடப் பொறந்தவன் ஒரு குறை சொல்லல. சொல்லியிருந்தா கேக்க மாட்டேனா நான்?

எல்லாம் முடிஞ்சு, வந்தவங்க போனப்புறம்தான் இந்தக் கொட்டகைப் பக்கம் வந்தேன். தொறந்தா இருட்டு. ஜன்னல்ல அட்டை வச்சு அடைச்சிருக்கு. முழங்கால் வரைக்கும் சாணி. குளம்பு வளந்து, பழைய செருப்பு முனை மாதிரி மேல சுருண்டு கெடக்கு. அந்தக் காலோட எப்படி நின்னாரோ. தம்பிக்கு நான் அழுதது கம்மிதான், ஓடியாடி எல்லாத்தையும் நான்தான செய்யணும். இந்தக் குளம்பப் பாத்ததும் வந்துச்சு பாருங்க அழுகை. அதோட கோவமும். அடப்பாவி, நீ படுத்தது சரி, இந்த வாயில்லா ஜீவன் என்னடா பண்ணுச்சுன்னு இங்க நின்னு கத்தினேன். செத்துப் போனவனத் திட்டறேன், வெவஸ்த கெட்டவ. அப்பத்தான் இவரு மெதுவா, ஒவ்வொரு காலா எடுத்து வச்சு, சத்தம் வந்த பக்கமா வந்து, என் தோள்ல மூஞ்சிய வச்சாரு. எனக்கும் தம்பிக்கும் குரல் ஒரே மாதிரி அண்ணே. போன்ல எங்கம்மாவே மாத்திச் சொல்லுவாங்க. அவன்தான் வந்துட்டான்னு நினைச்சிருப்பாரு.

சரி, கயித்த அவுக்கறேன். உங்க வண்டி தெரு முனையிலதான நிக்குது? நடத்தியே கூட்டிட்டுப் போயிடலாம். நீங்க அந்தப் பக்கம் வாங்க. வாங்க சார், படி இருக்கு, ஒண்ணே ஒண்ணுதான், ஆங், தாண்டியாச்சு. லாடம் புதுசு அண்ணே, குளம்பெல்லாம் வெட்டிச் சரி பண்ணியாச்சு. தீனிக்குப் புல்லும் தவிடும் போதும், கேரட்டுன்னா உசுரு. வேலி நல்லா இருக்குல்ல உங்க எடத்துல? முள்ளுக்கம்பி இல்லையே? கிணறு? மூடி போட்டிருக்கீங்களா? சரி. நேராத்தான் சார், சைக்கிள் ஒண்ணு போகுது, அது பாட்டுக்குப் போகட்டும், வாங்க. எருவுக்குச் சாணி கிடைக்கும்னு உங்க வீட்டம்மா சொன்னப்பத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. பாவம் பாத்து எடுத்துக்கறேங்கறவங்களுக்கு நாலு நாள்ல பாவம் தீந்துடும். சாணி வேணுங்கறவங்க தீனி போட்டுத்தான ஆகணும்?

வந்தாச்சு. நில்லுங்க சார். பலகைய எறக்கிட்டீங்களா? இருங்கண்ணே. ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். வீட்லேர்ந்து இதுவரைக்கும் சொல்லணும் சொல்லணும்னே வர்றேன், வாய் வரல. இவருக்குக் கண்ணு தெரியாது. ரெண்டுமே. ஏதோ நோவு வந்து தண்ணி வடிஞ்சு வடிஞ்சு உள்ளயே கெட்டுப் போச்சாம். ஆரம்பத்துலயே மருந்து விட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு கைய விரிச்சுட்டாரு. மொதல்லயே சொன்னா யாரும் கேட்டைத் தாண்டல, அதான் உங்க வீட்டம்மாகிட்டயும் மறைச்சுட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்.

என்ன? தெரியுமா? எப்பலேர்ந்து? கொட்டகைக்குள்ள வந்ததுமேவா! இவரு முகத்துக்கு நேரா கைய ஆட்டினீங்களே, நான் ஈ வெரட்டறீங்கன்னுல்ல நினைச்சேன். தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் கூட வந்தீங்க? இருங்க, கண்ணத் தொடச்சுக்கறேன். ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல, நான் இங்கதான் இருக்கேன்.

பாத்தீங்களா? நான் ஒரு நிமிஷம் பேசாம நின்னா இவருக்குக் காலு நடுங்குது. அண்ணே, இந்தப் பொம்பளைக்கு வாய் மூடவே தெரியாதான்னு நினைச்சிருப்பீங்க. நான் பேசினாத்தான் இவரு நடப்பாரு. பேச்சு எங்க இருக்கோ அங்க தரை இருக்குன்னு நம்பிக்கை. என் தம்பி கடைசில வாயே தொறக்கல. கண்ணும் போயி, குரலும் போயி, அந்த இருட்டுல இவரு நின்னாரு பாருங்க, அத நினைச்சாத்தான் எனக்குத் தாங்கல. எல்லாரையும் வேணாம்னு தட்டிக் கழிச்சுட்டு உங்களப் பிடிச்சேன். நீங்க என்னடான்னா பேசாத மனுஷன். உங்க நல்ல மனசு இவருக்கு எப்படித் தெரியும்? காதுல விழுந்தாத்தான தெரியும்?

என்ன பேசறதா? என்ன வேணா. எந்தச் செடி பூத்துச்சு, எது பட்டுப் போச்சு, யாரு வந்து பேரம் பேசிட்டு வாங்காமப் போனாங்க. தண்ணி வைக்கறேன் சார், பக்கத்துல வர்றேன் சார். அவருக்கு அர்த்தம் வேணாம். ஆள் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்.

கயித்தப் பிடிங்க. பலகை மேல ஏறி நின்னு நீங்க கூப்பிடுங்க. நான் தள்ளி இந்தச் சுவத்தோரமா நிக்கறேன். நடுவுல நான் ஒரு வார்த்தை பேசினாலும் என் பக்கம் திரும்பிடுவாரு. அப்பப்ப வந்து பாருன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. வருவேன். வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போயிடுவேன். உங்க குரல் பழகற வரைக்கும் என் குரல் இவரு காதுல விழக்கூடாது. எப்பவுமே விழலன்னாலும் பரவால்ல.

கூப்பிடுங்க. என்னைப் பாக்காதீங்க, அவரப் பாத்துக் கூப்பிடுங்க. கேக்கலண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தமா. வாங்க சார்னு சொல்லுங்க. ஆங். அப்படித்தான். காது உங்க பக்கம் போயிடுச்சு. ஒரு காலத் தூக்கறாரு பாருங்க. நிறுத்திடாதீங்கண்ணே, பேசிக்கிட்டே இருங்க. நான் நிறுத்திக்கறேன்.