வாள்காரியின் முதலிரவு

சிஸ்டர்: இதென்ன, முதல் விதியே இப்படி எழுதி வச்சிருக்கீங்க?

கண்ணாடிக்காரர்: எதைச் சொல்றீங்க?

சிஸ்டர்: "படுக்கையறைக் காட்சி கிடையாது." கொட்டை எழுத்துல. அடியில கோடு வேற.

கண்ணாடிக்காரர்: இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி நம்ம கதை விளையாட்டுக்கு உக்காருறோம். முதல்லயே சொல்லிட்டா நல்லதுன்னு...

சிஸ்டர்: நம்மள்ல யாருக்குங்க வயசு அம்பதுக்குக் கம்மி? எனக்கு முட்டி வலி, தபால்காரருக்குச் சர்க்கரை. இதுல யாரு போய் எந்தப் படுக்கையறையில...

கண்ணாடிக்காரர்: சிரிக்காதீங்க சிஸ்டர். அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்க.

சிஸ்டர்: லென்ஸ் அரைக்கிற மேசைதானே இது? அதேதானா?

கண்ணாடிக்காரர்: அதேதான். மெஷினை மட்டும் கீழ கடைக்குக் கொண்டுபோயாச்சு. பகடை உருண்டு போய் விழுமே ஒரு பள்ளம், அதுகூட அப்படியே இருக்கு.

சிஸ்டர்: சனிக்கிழமை டியூட்டி முடிஞ்சா யூனிஃபார்மோடயே ஓடி வருவேன். மாடிப்படி பாதி ஏறும்போதே நர்ஸ் கழண்டு விழுந்துடுவா. மேல வந்து உக்காரும்போது வாள்காரி.

கண்ணாடிக்காரர்: மெக்கானிக் கையில கிரீஸோட வந்து திருடன் ஆயிடுவான். அவன் பாத்திரத்தை எழுதி வச்ச தாள் பூரா கைரேகை. நிஜத் திருடன்கூட அவ்வளவு தடயம் விடமாட்டான்.

சிஸ்டர்: நீங்க மட்டும் யாராவும் ஆகல.

கண்ணாடிக்காரர்: மத்த எல்லாரும் நான்தானே. ராஜா, பேய், சத்திரக்காரி... நீங்க என்ன செய்யறீங்கன்னு சொல்லுவீங்க, பகடை உருட்டுவீங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் சொல்லணும்.

சிஸ்டர்: சூனியக்காரி குரல்ல ஒருநாள் கத்தினீங்களே... கீழ கண் டெஸ்டுக்கு வந்த அம்மா எழுந்து ஓடலையா?

கண்ணாடிக்காரர்: ஒரு கண்ணுதான் பாத்து முடிச்சிருந்தோம்.

சிஸ்டர்: இன்னிக்குக் கிளம்பும்போது மருமகன் கேட்டான், "எங்க அத்தை, இவ்வளவு அவசரமா?"ன்னு. ஒரு கோட்டையைப் பிடிக்கப் போறேன்னேன். என் பொண்ணைத் திரும்பிப் பாத்தான் பாருங்க... சரி, விஷயத்துக்கு வாங்க. தபால்காரர் ரிட்டயர் ஆகி, ஒவ்வொருத்தரையா தேடிப் பிடிச்சு போன் போட்டிருக்காரு. மெக்கானிக் வந்து இந்த விதியைத்தான் முதல்ல படிப்பான். அன்னிக்கு மாதிரியே இறங்கிப் போயிடுவான்.

கண்ணாடிக்காரர்: அவனைக் குத்திக்காட்ட எழுதல. நம்மகூட விளையாடின டீச்சரை நினைச்சு எழுதினேன்.

சிஸ்டர்: ம்.

கண்ணாடிக்காரர்: அந்தக் கொள்ளைக்கூட்டக் காட்சி... கதையில தபால்காரரோட ஆளு ஒரு பொண்ணைப் பிடிச்சு வச்சிருந்தான். அவளை என்ன பண்ணப் போறேன்னு அவரு சிரிச்சுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாரு. வெறும் விளையாட்டுதானேன்னு.

சிஸ்டர்: டீச்சர் தலையைக் குனிஞ்சு பென்சில் சீவிக்கிட்டே இருந்தாங்க. சீவ மிச்சமே இல்ல அதுல.

கண்ணாடிக்காரர்: நான் நிறுத்தியிருக்கணும். கதை சொல்றவன் நான். ஒரு வார்த்தை போதும். ஆனா நானும் சேந்து சிரிச்சேன் சிஸ்டர். அடுத்த சனிக்கிழமை அவங்க வரல. அப்புறம் வரவே இல்ல. கண்ணாடி மாத்தக்கூட வேற கடைக்குத்தான் போறாங்களாம்.

சிஸ்டர்: தபால்காரர் மன்னிப்புக் கேட்டு லெட்டர் எழுதினாரே.

கண்ணாடிக்காரர்: அவரே கொண்டுபோய்க் குடுத்தாரு. வாங்கிக்கிட்டாங்க. பதில் வரல.

சிஸ்டர்: நியாயம். ஆனா அது வேற, மெக்கானிக் இறங்கிப் போன கல்யாணக் காட்சி வேற. ரெண்டையும் ஒரே விதியில அடைக்கிறீங்க.

கண்ணாடிக்காரர்: எப்படி வேற?

சிஸ்டர்: அங்க அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்ல வழியே இல்ல. வாள்காரி அப்படியா? அவளா விரும்பித் திருடனைக் கட்டிக்கிட்டா. மூணு வருஷம் தோளோட தோளா சண்டை போட்டவங்க. கோட்டையைப் பிடிச்ச அன்னிக்குக் கல்யாணம். மெக்கானிக் மெதுவா ஆரம்பிச்சான், "விளக்கைக் குறைச்சிட்டு அவ பக்கத்துல வந்து உக்காருறேன்"னு. அதுக்குள்ள நீங்க...

கண்ணாடிக்காரர்: "கதவு சாத்தியாச்சு. பொழுது விடிஞ்சுது."

சிஸ்டர்: ஒரே நொடியில விடிஞ்ச பொழுது அது ஒண்ணுதான்.

கண்ணாடிக்காரர்: அவன் கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு. "நாப்பது தலையை வெட்டியிருக்கேன். குடல் சரிஞ்சதை நீங்க ரசிச்சு ரசிச்சுச் சொன்னீங்க. பிரியப்பட்ட ரெண்டு பேரு ஒண்ணாப் படுத்துக்கிறது மட்டும் அசிங்கமா?"

சிஸ்டர்: நீங்க மத்தவங்களும் மேசையில இருக்காங்கன்னீங்க.

கண்ணாடிக்காரர்: கேக்கப் பிடிக்காதவங்க காதைப் பொத்திக்கிட்டு உக்காரணுமான்னேன். தப்பா அது?

சிஸ்டர்: தப்பில்ல. ஆனா டீச்சர் போனப்புறம் மத்தவங்கன்னா அன்னிக்கு யாரு? தபால்காரரும் நானும். எங்களைக் கேட்டீங்களா?

கண்ணாடிக்காரர்: ...கேக்கல.

சிஸ்டர்: டீச்சரையும் கேக்கல, எங்களையும் கேக்கல. யாருக்கு எதுவரைக்கும் சரின்னு உக்காரும்போதே கேட்டிருந்தா அவங்களும் இருந்திருப்பாங்க, அவனும் இருந்திருப்பான். நம்ம சனிக்கிழமையும் இருந்திருக்கும்.

கண்ணாடிக்காரர்: கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?

சிஸ்டர்: அந்தக் காட்சியை மெக்கானிக் தானா ஆரம்பிக்கல. அதுக்கு முந்தின நாளு ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு நான்தான் அவன்கிட்ட அப்படி ஒரு காட்சி வேணும்னு கேட்டுக்கிட்டேன்.

கண்ணாடிக்காரர்: நீங்களா?

சிஸ்டர்: தப்பா எடுத்துக்காதீங்க. அவன் மேல எனக்கு ஒண்ணும் கிடையாது, அவனுக்கும் அது தெரியும். வார்டுல எனக்கு உடம்புன்னா புண்ணு, சீழு, பெட்பேன். வீட்டுக்குப் போனா எங்க வீட்டுக்காரர் சுவரைப் பாத்துப் படுத்திருப்பாரு. ஒரு உடம்பைப் பத்தி யாராவது நல்லதா நாலு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல. வாள்காரிக்காவது கிடைக்கட்டுமேன்னு...

கண்ணாடிக்காரர்: அவன் என்ன சொன்னான்?

சிஸ்டர்: கேலி பண்ணல. சரி சிஸ்டர், அசிங்கமில்லாம சொல்லிப் பாக்குறேன்னான். நீங்க சத்தம் போட்டப்பவும் என் பக்கம் திரும்பல. பழியை அவனே வாங்கிக்கிட்டு இறங்கிப் போனான். நான் வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன்.

கண்ணாடிக்காரர்: இத்தனை வருஷம் நான் அவனைப் பத்தி என்னென்னவோ...

சிஸ்டர்: அவன் வர்றதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்னுதான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்தேன். இப்ப நீங்க சொல்லுங்க. அன்னிக்கு டீச்சருக்கு நடந்ததை நினைச்சுத்தான் நிறுத்தினீங்களா?

கண்ணாடிக்காரர்: அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்... திருடன் பாட்டுக்கு வாள்காரி பக்கத்துல வந்து உக்காந்துட்டான். அடுத்து என்ன நடந்துச்சுன்னு நான்தானே சொல்லணும். எனக்குக் கல்யாணமாகி அப்போ ஆறு வருஷம், சிஸ்டர். பிரியமா இருக்கிற ரெண்டு பேரு அந்த அறைக்குள்ள என்ன பேசிக்குவாங்கன்னு... எனக்குத் தெரியாது.