மெத்தென்ற மஞ்சள் மீன்

ஹலோ... யாரு, சஹானாவா? சொல்லுடி! சத்தமாப் பேசு, கீழே பெங்காலிக்காராளோட பூஜைப் பந்தல்ல மேளம் காதைப் பிளக்கறது... ஆமா, ஆமா, சுண்டல் தாளிச்சுண்டிருக்கேன். பாலிகஞ்சுக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு, குழந்தையைத் தூக்கிண்டு வாயேன்!... என்னது, மீனா?... ஓ, கொலுவுக்கு வந்தப்ப உன் பொண்ணுக்கு வெச்சுக் குடுத்தேனே, அமுக்கினா கீச்சுங்குமே, அந்த மஞ்சள் மீன்! விடவே மாட்டேங்கறாளா?

...குப்பையில போட்டுட்டியா?

மீனாக்ஷி மாமியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

கோவமெல்லாம் இல்லடி. ஏன்னு சொல்லு... ம்... வாடையா? புதுசுன்னா அப்படித்தான்... ம்... பிளாஸ்டிக்கை மெத்துன்னு ஆக்க ஏதோ கெமிக்கல் கலக்கறாளா... அது ஒட்டிண்டு நிக்காம கசியுமா... கடிச்சா எச்சிலோட உள்ள போயிடுமா... ஹார்மோனைக் கெடுக்குமா? பச்சைக் குழந்தைக்கா? சிவ சிவா! நான் அதை வெந்நீர்ல தளதளன்னு கொதிக்க விட்டுன்னா எடுத்தேன்!... சூட்டுல இன்னும் கசியுமா? போச்சு போ. சுத்தம் பண்றேன்னு கஷாயமே வெச்சிருக்கேன்!... ரெண்டு நாள் கடிச்சதுக்கு பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொன்னாரா? அப்பாடா... மாசக்கணக்கா கடிச்சுண்டே இருந்தாத்தான்... சரி, சரி.

சொல்லத் தயங்கினியா? அசடு! இப்ப நீ சொன்னியே, அதுதான்டி நீ எனக்குக் குடுத்த தாம்பூலம்.

இரு இரு... ஐயோ, டுப்லு!... பக்கத்து ஃபிளாட் பெங்காலி மன்னி, நான் பௌதின்னு கூப்பிடுவேனே, அவ பிள்ளைடி. பல் முளைக்கறது அவனுக்கு. அவனுக்கும் அதே மீன்தான் குடுத்தேன். காலம்பற பால்கனியில வாலை வாயில வெச்சு அரைச்சுண்டிருந்தான்!... திருப்பிக் கேக்கறதா? அம்பாள் எதிர வெச்சுக் குடுத்ததைத் திருப்பி வாங்கினா கை கூசாதா?... கடைக்காரன் திருப்பிக் கேக்கறான்னு பொய் சொல்லட்டுமா? நவராத்திரியிலயா! போடி.

மாமியின் கண் கொலுவின் மேல்படிக்குப் போனது. அங்கே மரப்பாச்சி ராஜாவும் ராணியும் பட்டு உடுத்தி நின்றார்கள்.

ஏய், லைன்ல இரு. வாங்கினாத்தானே பாவம்? மாத்திண்டா?... ஆமாடி, மரப்பாச்சி ராஜா! வர்ணம் கிர்ணம் ஒண்ணும் கிடையாது, வெறும் கட்டை. எங்க பிள்ளை மாதவ் கடிச்ச பல்தடம் இன்னும் தலையில இருக்கு... தெரியும்டி, விஜயதசமி வரைக்கும் கொலுவைக் கலைக்கப்படாது. ராணி கேட்டா, உன் ஆத்துக்காரர் பக்கத்தாத்துக் குழந்தைக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கார்னு சொல்லிக்கறேன். அம்பாளும் பிள்ளை பெத்தவதானே!... வேஷ்டியை அவுத்தாச்சு, பாவம். அலம்பியாச்சு. வந்துட்டேன்...

பௌதி! ஏக்டு ஷுனோ, கொஞ்சம் கேளேன்!... சஹானா, கதவைத் திறந்துட்டா. நெஜத்தையே சொல்லிடறேன், இரு...

...சொல்லிட்டேன்டி. தப்பு என்மேலதான்னுட்டேன். கோவமா? கையைப் பிடிச்சு உக்கார வெச்சு சந்தேஷ் ஸ்வீட் குடுக்கறா!... ஆனா டுப்லு மீனை விடமாட்டேங்கறான். ராஜாவைக் காட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கறான்... ஆ, போனைப் பாக்கறான்! கையை நீட்டறான்... மீனைப் போட்டுட்டான்! எடுத்துட்டேன்டி!... இல்லடா கண்ணா, போன் வேண்டாம், இந்தா ராஜா, ராஜா... சஹானா! கடிச்சுட்டான்டி, மாதவ் கடிச்ச அதே எடத்துல! ஆனா போனையும் பிடிச்சு இழுக்கறான், விடமாட்டே—