இரண்டாவது படையல்

– தர்சி, உதென்ன இரண்டு இலை?

– எந்த இலை?

– படத்துக்கு முன்னால போட்டிருக்கிறாயே. ஒண்டு என்ர அப்பருக்கு. மற்றது ஆருக்கு?

– அது... காத்தில ஒண்டு கிழிஞ்சிடும் எண்டு சும்மா வைச்சனான். எங்கட எத்தாளை ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியும்தானே, அப்பா.

– சும்மா வைச்ச இலைக்குப் படையலுக்குப் பொரிச்ச காத்தோட்டிக்காயும் போடுறவையோ?

– ஐயோ அப்பா, கடல்ல முழுகிட்டு வந்த மனுசன் முதல்ல தலையைத் துவட்டுங்கோ. ஈரத்தோட நிண்டு விசாரணை நடத்திறியள்.

– காலமை தேத்தண்ணியும் குடிக்கேல்லையாம். ‘ஒங்கட மகள் நான் குடுத்த தேத்தண்ணிய வாணாண்டுட்டா’ எண்டு பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா வாசல் படலையில நிண்டு முறைப்பாடு.

– பல்லுக்குத்து.

– பல்லுக்குத்துக்கு விடியவே தலைக்கு முழுகுறவையோ? பிள்ளை, நீ விரதமோ?

– ஓம்... அம்மாவுக்கு.

– கொம்மாவுக்கு விரதம் சித்திரைப் பறுவத்தில, பௌர்ணமியண்டு. அண்டைக்கு நீதான் கஞ்சி காய்ச்சினனீ. இண்டைக்கு ஆடி அமாவாசை. தேப்பனில்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதம். நான் இஞ்ச குத்துக்கல்லு மாதிரி நிக்கிறன்!

– அப்பிடிச் சொல்லாதேங்கோ அப்பா...

– நான் சொல்லாட்டிச் சனம் சொல்லும். சிவகுருவை அவன்ர பெட்டை உயிரோடயே அனுப்பிட்டாள் எண்டு.

– அப்பா, இருங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ.

– இருந்திட்டன். சொல்லு.

– கோவிக்க மாட்டியள்தானே?

– காகம் வேலியில வந்து நிக்குது. கெதியாச் சொல்லு.

– அம்மா... ஆசுப்பத்திரியில கிடக்கேக்க எனக்கு ஒண்டு சொன்னவா. எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்குத் தெரியக்கூடாதாம். சத்தியமும் வாங்கினவா.

– ம்.

– பத்து வருஷமாப் பிள்ளையில்லாம, கொழும்பில ஒரு டொக்குத்தரிட்டப் போனனீங்களாம். குறை உங்களில எண்டவராம். பிறகு... ஆரோ ஒராள் வித்துக் குடுத்துத்தான் நான் பிறந்தனானாம். அப்பா? என்னைப் பாருங்கோ.

– பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். மேல சொல்லு.

– அதுக்குப் பிறகு எனக்கு விசர் பிடிச்ச மாதிரி. கண்ணாடியைப் பாத்தா இந்த மூக்கு ஆரின்ர எண்டு தெரியேல்ல. பஸ்ஸில ஏறினா வயசான ஆம்பிளையளின்ர மூக்கைத்தான் பாக்கிறன். புத்தளத்தில ஒருக்கா, ஒருத்தருக்குப் பின்னால உப்பளம் வரைக்கும் நடந்தே போனன். சொல்லவே வெக்கமாக் கிடக்கு.

– அவர் திரும்பிப் பாத்தவரோ?

– பாத்தவர். ‘என்ன மகள், வழி தெரியாதா’ எண்டு கேட்டார். ஓம் எண்டிட்டு வந்திட்டன்.

– சரி... பிறகு?

– கனடா மாமி வந்தவ எல்லோ? அவவிட்டை என்ர எச்சிலைக் குடுத்துவிட்டன், டிஎன்ஏ சோதிக்க. அதால ஒரு அக்கா கிடைச்சா. வதனா. லண்டனில இருக்கிறா. அவவின்ர தாய் தேப்பனும் அந்த டொக்குத்தரிட்டத்தான் போனவையாம். அப்பா, அந்த மூக்கு... அப்பிடியே என்ர மூக்கு! அவவின்ர படத்தைப் பாத்திட்டு இரவிரவா அழுதனான்.

– அந்த மனுசன்?

– அதே சோதனையால அவரின்ர சொந்தக்காரரைப் பிடிச்சு விசாரிச்சிருக்கிறா அக்கா. மாசியில கண்ணை மூடிட்டாராம்.

– ஐயோ...

– கதைக்கக்கூட வேண்டாம் அப்பா. எட்ட நிண்டு ஒருக்காப் பாத்திருந்தாலே போதும். அவர் எப்பிடி நடப்பார், எப்பிடிச் சிரிப்பார்... ஒண்டும் தெரியாது எனக்கு.

– அழாத, பிள்ளை.

– நீங்கள்தான் என்ர அப்பா. அதில ஒரு மாற்றமும் இல்லை. அவர் கலியாணமே கட்டேல்லையாம். ஒரு பிடி சோறு வைக்க ஆளில்லை எண்டு நினைக்க எனக்குப் பொறுக்கேல்ல. அதுதான் இலை போட்டனான். பிழையெண்டா இப்பவே எடுத்திடுறன்...

– கையை எடு. அந்த இலையைத் தொடாத.

– அப்பா...

– பேர் சொல்லித்தான் படைக்கோணும். அவரின்ர பேரைச் சொல்லு, பிள்ளை. உன்ர ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய், ‘ஆரெண்டு தெரியாது ஐயா, எங்கயிருந்தாலும் அந்த மனுசன் நல்லா இருக்கோணும்’ எண்டு இருபத்தாறு வருஷமா நான் பேரில்லாமத்தான் அர்ச்சனை செய்விக்கிறன்.