ஏழாம் குழாய்

— இதுவும் செத்த சத்தம்தான், ஸெய்னுதீன் நானா. புதுசா வந்த பதினெட்டுக் குழாயையும் தட்டிப் பாத்திட்டன். ஒண்டும் சரியில்லை.

— என்ன நிருசா தங்கச்சி, விளையாடுறீங்களா? இஞ்ச பாருங்க, நான் தட்டுறன். பீங்கான் கோப்பை மாதிரிக் கணீரெண்டு கேக்குது!

— உங்களுக்குக் கேக்குது. எனக்கு டொக்கெண்டுதான் கேக்குது. எங்கட றமேஸ் உலையடியில செத்த நாளிலயிருந்து எதைத் தட்டினாலும் இப்பிடித்தான். வீட்டில தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சாலும் டொக்.

— பயந்திட்டீங்க, வேறொண்டுமில்ல. திங்கக்கிழமை உலை மூட்டோணும். சோதிக்கிற மெசினை விட உங்கட காதைத்தானே இஞ்ச எல்லாரும் நம்புற.

— நம்பித்தானே றமேஸ் போனவன். காத்து வெளியில, காஸ் உள்ளுக்க, நடுவில இந்தப் பீங்கான் சுவர் மட்டும்தான். மயிரளவு வெடிப்பிருந்தாலும் ரெண்டும் கலந்து பத்திடும். ஏழாம் குழாயில என்ர சோக்குக்கட்டிக் கோட்டைப் பாத்திட்டு, நல்லதெண்டு நினைச்சுத்தான் உலையில பூட்டினவன்.

— அவன் கெதியாச் சூடேத்திட்டானெண்டு கொம்பனி எழுதி முடிச்சிட்டு. நீங்க ஏன் கிளறுறீங்க?

— றமேஸா? மணித்தியாலத்துக்கு அறுபது பாகை சூடெண்டா அறுபத்தொண்டுக்கு விடமாட்டான். உங்களுக்கே தெரியும்.

— தெரியும் தங்கச்சி.

— இந்தாங்கோ, என்ர காகிதம். பிழை என்ர காதில எண்டு எழுதியிருக்கிறன். இனி இந்த வேலை எனக்கு ஏலாது. பின்னேரம் அன்புவழிபுரம் போய் அவன்ர மனிசியிட்டயும் சொல்லப்போறன், உன்ர புருசனைச் சாகடிச்சது நான்தானெண்டு.

— அல்லாவே! அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. கிழிச்சுப் போடுங்க அத.

— சொல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும் நானா.

— எனக்கும்தான் கேக்குது.

— என்னது?

— அந்தச் சத்தம். கிண்ணியாப் பாலத்தில மோட்டச்சைக்கிள் ஏறின உடன பின்னால இருந்து ஆரோ தட்டிக்கொண்டே வாறமாதிரி. தொழுகையில நிண்டாலும் விடுகுதில்ல. ஓதுறது மறந்து போகுது.

— நீங்கள் ஏன் நானா பயப்பிடோணும்? உங்களில என்ன பிழை?

— விடுங்க. இந்தக் குழாயெல்லாம் நல்லது, என்ட பிள்ளைகள் மேல சத்தியமாச் சொல்றன். கோட்டைப் போடுங்க.

— போடமாட்டன். அப்ப ஒரு உதவி செய்யுங்கோ. போன முறை நான் கூடாதெண்டு ஒண்டை ஒதுக்கினனானெல்லோ? உங்கட அலுமாரியில பூட்டி வைச்சனீங்கள். அதைத் தாங்கோ. அது உண்மையாவே வெடிச்ச குழாய். ஒருக்காத் தட்டிப் பாத்தா நல்லது எது, கெட்டது எதெண்டு காதுக்கு நினைவு வரும்.

— அது வேணாம்.

— ஏன்? திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு.

— இருக்கு.

— அப்ப திறவுங்கோ. என்ன நானா, முகமெல்லாம் வேர்க்குது? இருங்கோ, தண்ணி கொண்டு வாறன்.

— தண்ணி வேணாம். உங்கட காதில ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. நீங்க நல்லதெண்டு தந்த ஏழாம் குழாய் என்ட கையால விழுந்து உடைஞ்சிட்டு. வெளியில சொல்ல வெக்கத்தில, நீங்க ஒதுக்கினத எடுத்து, நானே சோக்கால கோடு கீறி, றமேஸிட கையில குடுத்தன்.